ஈ-வேஸ்ட் ரூல்ஸ்ல கம்பெனிங்க வழக்கமா பண்ற தப்புங்க

இப்ப நம்ம நாட்டுல அமல்ல இருக்கறது 2022ல கொண்டு வந்த ஈ-வேஸ்ட் (வீணாப் போன எலக்ட்ரிக், எலக்ட்ரானிக் சாமான்) ரூல்ஸ், 2023 ஏப்ரல் 1ல இருந்து நடைமுறைக்கு வந்துச்சு. ஆனா நிறைய பேர் இன்னும் 2016 ரூல்ஸ வச்சே பேசிட்டு இருக்காங்க, பாதி குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது.

பழசுல சாமானப் பிரிச்செடுக்கறவங்களுக்குன்னு தனியா பர்மிஷன் இருந்துச்சு. புதுசுல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட போர்ட்டல்ல பதிவு பண்ண வேண்டியது நாலே வகைதான்: மேனுஃபேக்சரர் (தயாரிக்கறவங்க), புரொடியூசர் (சொந்த பிராண்டுல விக்கறவங்க, இறக்குமதி பண்றவங்க), ரீஃபர்பிஷர் (பழசப் பழுது பாத்துத் தர்றவங்க), ரீசைக்ளர் (உலோகத்தப் பிரிச்செடுக்கறவங்க). அதனால யாராச்சும் வந்து "நாங்க கவர்மென்ட் ஆத்தரைஸ்டு சார்"னு லேமினேட் பண்ண பேப்பர நீட்டுனா உடனே லோடு ஏத்தி விட்றாதீங்க, எந்த ரூல்ஸ்ல குடுத்தது, தேதி என்ன, போர்ட்டல்ல இன்னிக்கு பேர் இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் குடுங்க. ஒரு நிதியாண்டுல எப்பவாச்சும் ரூல்ஸ் லிஸ்ட்ல உள்ள பொருள் 1000 எண்ணிக்கையோ அதுக்கு மேலயோ யூஸ் பண்ணியிருந்தா நீங்க பல்க் கன்ஸ்யூமர், பதிவு பண்ணவங்ககிட்ட மட்டும்தான் குடுக்கணும், காயலான் கடைல எடைக்குப் போட முடியாது.

"கம்ப்யூட்டரும் டிவியும்தானே ஈ-வேஸ்ட்"னு நெனைக்கறதும் தப்பு. முன்னாடி 21 வகை, இப்ப 106. டோஸ்டர், டிரில்லிங் மெஷின், வீடியோ கேம், சில மெடிக்கல் மெஷின்னு எல்லாம் உள்ள வந்துருச்சு.

புரொடியூசர் பக்கம் வேற கதை. அவங்க முன்னாடி வித்த பொருள்ல ஆயுள் முடியறதுல இத்தன சதவீதம் ரீசைக்கிள் ஆகணும்னு டார்கெட் இருக்கு: 2023-24லயும் 2024-25லயும் 60 சதவீதம், அடுத்த ரெண்டு வருஷம் 70, அப்புறம் 80. இத ரீசைக்ளர்கிட்ட சர்டிஃபிகேட் வாங்கித்தான் காட்டணும். குப்பைய சேத்து கோடவுன்ல வச்சா சர்டிஃபிகேட் வராது, தங்கம், செம்பு, அலுமினியம், இரும்புன்னு பிரிச்செடுத்த உலோகத்துக்குத்தான் வரும். டார்கெட் விட்டுப்போச்சுன்னா இழப்பீட்டுத் தொகை கட்டி முடிச்சுக்கலாம்னு ஒரு நெனப்பு வேற (அக்கவுண்ட்ஸ் ஆளுங்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும்), ஆனா பணம் கட்டுனாலும் கடமை போகாது, பாக்கி அடுத்தடுத்த வருஷத்துக்கு, 3 வருஷம் வரைக்கும் கூடவே வரும்.

யூபிஎஸ் குடுக்கும்போது ஒண்ணு கவனிங்க. பெட்டி ஈ-வேஸ்ட், உள்ள இருக்கற பேட்டரி அப்படி இல்ல, அதுக்கு 2022லயே தனியா பேட்டரி ரூல்ஸ் இருக்கு. ரெண்டையும் ஒரே பில்லுல போடாம தனித்தனியா எழுதி வாங்குங்க.