ஆடியில் ஒளி எதிரொளிப்பு: மாணவர்கள் அடிக்கடி சறுக்கும் இடங்கள்

எதிரொளிப்பு விதிகளை ஒப்பிப்பதில் யாரும் பெரிதாகத் தடுமாறுவதில்லை. படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம். ஆடியில் வந்து விழும் படுகதிர், திரும்பிச் செல்லும் எதிரொளிப்புக் கதிர், கதிர் படும் புள்ளியில் பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும் குத்துக்கோடு மூன்றும் ஒரே தளத்தில் அமையும். அப்படியும் கணக்கில் மதிப்பெண் போகிறது. எங்கிருந்து அளப்பது என்பதைக் கவனிக்காததுதான் பெரும்பாலும் காரணம்.

“கதிர் சமதள ஆடியின் பரப்போடு 30° கோணம் உண்டாக்குகிறது” என்று கேள்வி வந்ததும் பலர் படுகோணம் 30° என்று எழுதிவிடுகிறார்கள். கோணத்தைக் குத்துக்கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும். ஆகவே விடை 60°. ஆடிக்குச் செங்குத்தாக விழும் கதிரின் படுகோணம் 90° அல்ல, 0°. அது வந்த வழியே திரும்பும். சரி, வளைந்த ஆடியில் குத்துக்கோடு எது? கதிர் படும் புள்ளியை வளைவு மையத்தோடு (ஆடி எந்தக் கோளத்தின் பகுதியோ அதன் மையம்) இணைக்கும் கோடு. குழியாடியில் (உட்குழிந்த பக்கம் எதிரொளிக்கும் ஆடி) வளைவு மையம் வழியாக வரும் கதிர் அப்படியே திரும்புவது இதனால்தான். அதைத் தனி விதியாக மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

சொரசொரப்பான சுவரில் எதிரொளிப்பு விதி செல்லாது என்பதும் தவறு. ஒவ்வொரு புள்ளியிலும் விதி அப்படியே நிற்கிறது. குத்துக்கோடுகள்தான் புள்ளிக்குப் புள்ளி வேறு திசையில் சாய்கின்றன.

சமதள ஆடியில் பிம்பம் கண்ணாடிப் பரப்பில் ஒட்டியிருப்பதாக நினைக்காதீர்கள். நீங்கள் 2 மீட்டர் முன்னால் நின்றால் அது 2 மீட்டர் பின்னால் இருக்கும். உங்களுக்கும் பிம்பத்துக்கும் இடைவெளி 4 மீட்டர். இடவல மாற்றமும் இங்கேதான் குழப்புகிறது. கண்ணாடி முன் நின்று வலப்பக்கமாகக் கையை நீட்டுங்கள், பிம்பமும் அதே பக்கம் நீட்டும். கண்ணாடியை நோக்கி நீட்டினால் பிம்பம் உங்களை நோக்கி நீட்டும். உண்மையில் ஆடி மாற்றுவது முன்-பின் திசையை மட்டுமே.

சமதள ஆடியில் தெரிவதுபோல, கதிர்கள் உண்மையில் சந்திக்காத இடத்தில் தோன்றும் மாயபிம்பத்தைத் திரையில் பிடிக்க முடியாது. அதற்காகப் படம் எடுக்கவும் முடியாது என்று எழுதிவிடக் கூடாது. விரிந்து வரும் கதிர்களைக் கேமராவின் லென்ஸ் குவித்துக்கொள்ளும். நம் கண்ணும் அதைத்தான் செய்கிறது.

அதிக மதிப்பெண்ணைத் தின்பது குறியீட்டு மரபு. தொலைவுகள் எல்லாம் ஆடிப்பரப்பின் நடுப்புள்ளியான ஆடிமையத்திலிருந்து அளக்கப்படுபவை. படுகதிர் செல்லும் திசையில் நேர்க்குறி, எதிர்த்திசையில் எதிர்க்குறி. குவியத்தொலைவு (ஆடிமையத்திலிருந்து இணைகதிர்கள் குவியும் புள்ளி வரையுள்ள தூரம்) 10 செ.மீ. உள்ள குழியாடிக்கு 15 செ.மீ. முன்னால் பொருள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொருளின் தொலைவு −15, குவியத்தொலைவு −10. ஆடிச் சமன்பாட்டில் (1/பொருளின் தொலைவு + 1/பிம்பத்தின் தொலைவு = 1/குவியத்தொலைவு) இட்டால் பிம்பத்தின் தொலைவு −30 செ.மீ., உருப்பெருக்கம் −2. அதாவது ஆடிக்கு முன்னால் தலைகீழான, இரண்டு மடங்கு பெரிய, திரையில் பிடிக்கக்கூடிய மெய்பிம்பம். குவியத்தொலைவுக்கு எதிர்க்குறி போட மறந்தால் +6 வரும். அந்த விடையில் கூட்டல் கழித்தல் பிழை எதுவுமில்லை. ஆனால் அது வெளிப்புறம் புடைத்த குவியாடிக்கு உரிய விடை! ஒரு குறி ஆடியையே மாற்றிவிட்டது. அதனால் முதலில் கதிர்ப்படத்தைத் தோராயமாகவாவது வரையுங்கள். பிம்பம் எந்தப் பக்கம் விழும் என்று தெரிந்துவிட்டால் தப்பான குறி உடனே கண்ணில் படும்.

அப்புறம், குழியாடியின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடினால் பாதி பிம்பம்தான் விழும் என்பதும் தவறு. பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் கதிர்கள் மீதிப் பாதியில் படுவதால் முழு பிம்பமும் கிடைக்கும். வெளிச்சம் மட்டும் குறையும்.