மரச் சுங்கான் செய்முறை: துளை முதலில், வடிவம் பிறகு

ஒரு சுங்கானை, அதாவது புகையிலை பிடிக்கும் குழாயை, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதன் வளைவும் பளபளப்புமே தெரியும். ஆனால் அது சீராகப் புகையுமா, உள்ளே ஈரம் தேங்கிக் கொடகொடக்குமா என்பதை முடிவு செய்வது, மரத்துக்குள் மறைந்திருக்கும் துளைகள் எங்கே, எந்த ஆழத்தில் சந்திக்கின்றன என்பதுதான். புதிதாகத் தொடங்குபவர்கள் பலர் முதலில் அழகாகச் செதுக்கிவிட்டுப் பிறகு துளையிட முனைகிறார்கள். வளைந்த பரப்பை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) நேராக இறுக்க முடியாது. துளை கோணலாகப் போய், நாள்கணக்கில் செதுக்கிய மரம் வீணாகிவிடும். ஆகவே இந்தச் செய்முறை சதுரக் கட்டையில் துளையிடுவதிலிருந்தே தொடங்குகிறது. புகையிலை உடலுக்குத் தீங்கானது என்பதில் ஐயமில்லை. நான் இங்கே எழுதுவது மரவேலையைப் பற்றி மட்டுமே.

மரம்

சுங்கானுக்கு மிகப் பொருத்தமானது பிரையர். மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நிலங்களில் வளரும் எரிகா ஆர்போரியா என்னும் புதர்மரத்தின் அடியில், வேருக்கும் தண்டுக்கும் இடையே திரளும் முண்டுதான் அது. அடர்த்தியும் வெப்பத்தைத் தாங்கும் இயல்பும் ஒருங்கே கொண்டிருப்பதால், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஃபிரான்சின் ஜூரா பகுதியிலுள்ள சான் க்ளோது நகரக் கைவினைஞர்கள் இதைக் கையில் எடுத்த பிறகு, மற்ற மரங்கள் இரண்டாம் நிலைக்குப் போயின. வெட்டிய முண்டைப் பல மணி நேரம் நீரில் கொதிக்கவைத்துச் சாற்றை வெளியேற்றி, பிறகு மாதக்கணக்கில் மெதுவாக உலர்த்துவார்கள். எனவே பச்சை முண்டைத் தேடாமல், பதப்படுத்தி உலர்த்திய கட்டையையே வாங்குங்கள். பிரையர் கிடைக்காவிட்டால் நன்கு உலர்ந்த செர்ரி, பேரி அல்லது ஆலிவ் மரத்தைப் பயன்படுத்தலாம். அரளி போன்ற நச்சு மரங்களையும், பிசின் மிகுந்த பைன் மரத்தையும், பூச்சிமருந்து ஏற்றிய பலகைகளையும் தொடவே கூடாது.

முதல் சுங்கானுக்கு 80 மி.மீ. நீளம், 55 மி.மீ. உயரம், 40 மி.மீ. தடிமன் உள்ள கட்டை போதும். நேரான தண்டுடைய எளிய வடிவத்தையே தேர்ந்தெடுங்கள். வளைந்த சுங்கானில், கிண்ணத்திலிருந்து வாய்க்குழலுக்குப் புகை செல்லும் காற்றுவழியைச் சாய்வாகத் துளைக்க வேண்டியிருப்பதால் அது பிறகு கற்க வேண்டிய வேலை.

வரைதலும் துளையிடுதலும்

இந்தப் பகுதிக்கு ஒரு முழு நாளை ஒதுக்கினாலும் தகும். கட்டையின் ஆறு பக்கங்களும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இருக்கின்றனவா என்று மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்துவிட்டு, பக்கவாட்டு முகத்தில் சுங்கானின் குறுக்குவெட்டை உண்மை அளவிலேயே பென்சிலால் வரையுங்கள். புகையிலை இடும் கிண்ணத்தின் உள்விட்டம் 19 மி.மீ., ஆழம் 38 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். காற்றுவழியின் விட்டம் 4 மி.மீ. என்றால், அதன் நடுக்கோடு கிண்ணத்தின் மேல்விளிம்பிலிருந்து 36 மி.மீ. கீழே இருக்க வேண்டும்; அப்போதுதான் காற்றுவழியின் அடியும் கிண்ணத்தின் அடியும் ஒரே மட்டத்தில் வந்து சேரும். அதற்குக் கீழே குறைந்தது 8 மி.மீ. மரம் எஞ்சியிருக்க வேண்டும்.

முதலில் தண்டின் முனையில், வாய்க்குழலின் கழுந்து (தண்டுக்குள் செருகும் முனை) நுழைவதற்கான துளையை 8 மி.மீ. விட்டத்தில் 20 மி.மீ. ஆழத்துக்கு இடுங்கள். கட்டையை வைஸிலிருந்து எடுக்காமல் அதே நிலையில் டிரில்லின் பிட்டை (துளைக்கும் அலகை) மட்டும் மாற்றி, 4 மி.மீ. காற்றுவழியைக் கிண்ணத்தின் நடுக்கோடு வரை செலுத்துங்கள். நீண்ட மெல்லிய பிட் மரத்தின் வரியைப் பின்பற்றி விலகிப்போகும் தன்மையுடையது. எனவே கூர்மையான பிட்டைக் கொண்டு ஒவ்வொரு 5 மி.மீ.க்கும் வெளியே இழுத்துத் தூளை அகற்றி, அழுத்தாமல் மெதுவாக இறங்க வேண்டும். கையில் பிடிக்கும் டிரில்லைவிட மேசையில் நிற்கும் டிரில் இயந்திரமே இதற்கு நம்பகமானது.

கிண்ணத்தைக் கடைசியாகத் துளைப்பதற்குக் காரணம் உண்டு. தட்டையான ஸ்பேடு பிட் ஒன்றின் நுனியைச் சாணைபிடித்து வட்டமாக்கி, அதைக் கொண்டு மேலிருந்து இறங்கினால், 30 மி.மீ. தாண்டிய பிறகு அடிக்கடி நிறுத்தி விளக்கொளியில் உள்ளே பார்க்கலாம். பக்கச் சுவரில் காற்றுவழியின் வாய் தோன்றி, அதன் கீழ்விளிம்பு கிண்ணத்தின் அடியைத் தொடும் கணத்தில் நிறுத்திவிடுங்கள். நான் செய்த முதல் சுங்கானில் அந்த வாய் அடியிலிருந்து 3 மி.மீ. உயரத்தில் நின்றுவிட்டது. பார்வைக்குச் சிறிய பிழைதான். ஆனால் அதன் அடியில் எப்போதும் எரியாத ஈரத் துகள்கள் தங்கின, அதைத் திருத்த வழியே இல்லாமல் போயிற்று.

வாய்க்குழல்

தொடக்கத்தில் எபோனைட்டிலோ (கெட்டியாக்கிய ரப்பர்) அக்ரிலிக்கிலோ வார்த்த ஆயத்த வாய்க்குழலை வாங்குவதே நல்லது. எபோனைட் பல்லுக்கு மென்மையாக இருக்கும், ஆனால் வெயில் பட்டால் பழுப்பேறும். அக்ரிலிக் பளபளப்பை இழக்காது, கடிப்பதற்குச் சற்றுக் கடினம். ஆயத்த வாய்க்குழலின் கழுந்து வேண்டுமென்றே தடிமனாக வார்க்கப்பட்டிருக்கும். உப்புத்தாள் நாடாவைச் சுற்றி, கழுந்தைச் சீராகச் சுழற்றித் தேய்த்து, இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை துளையில் நுழைத்துப் பாருங்கள். விரலால் திருகினால் மெல்லத் தடை தெரியும்படி நுழைய வேண்டும். முரட்டுத்தனமாக அழுத்தினால் தண்டு பிளந்துவிடும். கழுந்தின் நுனிக்கும் துளையின் அடிக்கும் இடையே அரை மில்லிமீட்டருக்கு மேல் வெற்றிடம் விடாதீர்கள். புகையின் ஈரம் அங்கேதான் குளிர்ந்து தேங்கும்.

செதுக்குதல்

வாய்க்குழலைப் பொருத்திய நிலையிலேயே செதுக்கினால்தான் மரமும் குழலும் சந்திக்கும் இடத்தில் விரலுக்குப் படி தட்டாது. ரம்பத்தால் வேண்டாத மூலைகளை அகற்றி, சதுரத்தை எண்கோணமாகவும் எண்கோணத்தைப் பதினாறு முகங்களாகவும் மாற்றிய பிறகு கரடுமுரடான மர அரத்தால் உருட்டுங்கள். கிண்ணத்தின் சுவர் எங்கும் 7 மி.மீ.க்குக் குறையாமலும், தண்டின் விட்டம் 16 மி.மீ.க்குக் குறையாமலும் இருக்கட்டும். வெர்னியர் அளவுகோலை அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிரையரில் திடீரென்று மணல் குழிகள் (மரத்துக்குள் மறைந்திருக்கும் சிறு பள்ளங்கள்) வெளிப்படுவது இயல்பு; மெழுகோ பசையோ வைத்து மறைப்பதைவிட, அந்த இடத்தில் வடிவத்தைச் சற்று ஒடுக்குவதோ, உளியால் பரப்பு முழுவதையும் சொரசொரப்பாகக் கீறிவிடுவதோ நேர்மையான தீர்வு.

மெருகு

120, 220, 320, 400, 600 என்று எண் ஏறும் வரிசையில் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். முந்தைய தாளின் கீறல் ஒன்றுகூட மிஞ்சியிருக்கும்போது அடுத்ததற்குப் போகாதீர்கள், ஏனெனில் சாயம் அந்தக் கீறலில்தான் முதலில் ஊறும். தூசிமுகமூடி இன்றி இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். மரத்தூளும் எபோனைட் தூளும் நுரையீரலுக்கு நல்லவை அல்ல. வரிகள் எடுப்பாகத் தெரிய வேண்டுமானால், ஆல்கஹாலில் கரைத்த கருஞ்சாயத்தை முதலில் பூசி, உலர்ந்த பின் மெல்லிய தாளால் மேற்பரப்பைத் தேய்த்தெடுத்து, அதன் மீது வெளிர்ச்சாயம் பூசுங்கள். கிண்ணத்தின் உட்புறத்தில் சாயம் ஒரு துளியும் படக் கூடாது.

வார்னிஷ் வேண்டவே வேண்டாம். சூட்டில் அது கொப்பளிக்கும், மரத்தின் ஈரத்தையும் வெளியேறவிடாது. கார்னோபா என்னும் பனைவகை இலை மெழுகே இதற்கு உரியது: 80 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும் என்பதால் கைச்சூட்டில் பிசுபிசுக்காது. சுழலும் துணிச்சக்கரத்தில் மெழுகை லேசாகத் தடவி, சுங்கானை இரு கைகளாலும் பிடித்து, சக்கரத்தின் கீழ்ப்பாதியில் மட்டும் படும்படி காட்டுங்கள். மேல்பாதியில் பட்டால் பிடியிலிருந்து பறந்துவிடும். இறுதியாக ஒரு துடைப்புக் கம்பியை வாய்க்குழலின் வழியே செலுத்துங்கள். அது எங்கும் தடைபடாமல் கிண்ணத்தின் அடியில் வந்து எட்டிப்பார்த்தால் துளைகள் சரியாகவே சந்தித்திருக்கின்றன.