நோயைத் தவறாகக் கண்டறிந்தார்களா? வழக்குக்குப் போகுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்டிப்பெரியாறு, பீருமேடு, மூணாறு பக்கத்து நம் ஆட்கள் முதலில் எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போவார்கள், அப்புறம் ஊர் கிளினிக். முடியாமல் போனால்தான் மலை இறங்கி தேனி, மதுரை. அங்கே போன பிறகுதான் ஆரம்பத்திலேயே நோயைத் தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்று தெரியும். அதற்குள் பழைய ஓ.பி. சீட்டு எங்கேயோ போயிருக்கும். எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு அந்தச் சீட்டைத் தொலைப்பதுதான்.

கடைசி ஆஸ்பத்திரியின் தடித்த ஃபைலை விட முதல் நாள் சீட்டுக்குத்தான் இந்த வழக்குகளில் மதிப்பு. நீங்கள் என்ன தொந்தரவு சொன்னீர்கள், டாக்டர் எந்த டெஸ்ட் எழுதினார், எதை எழுதவில்லை என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. மிஷினில் வரும் பில் சில மாதத்தில் வெளுத்துவிடும், உடனே ஜெராக்ஸ் எடுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டோடு ஃபிலிம், சி.டி.யும், பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் டெஸ்ட்) என்றால் ஸ்லைடும் வேண்டும். அவை இருந்தால்தான் வேறொரு டாக்டர் புதிதாகப் பார்த்துக் கருத்துச் சொல்ல முடியும். சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறி விதி. வாயால் கேட்காமல் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

நோயின் பெயர் தவறாகிவிட்டது, அதனால் ஜெயித்துவிடுவோம் என்று நம்புவதும் தவறு. நல்ல டாக்டருக்கும் கணிப்பு தவறலாம். அந்த அறிகுறிகளுக்குச் சராசரி டாக்டர் செய்திருக்கும் பரிசோதனையை இவர் செய்யாமல் விட்டாரா என்றுதான் பார்ப்பார்கள். ஹைதராபாத்தில் மலேரியா வந்த பெண்ணுக்கு டைபாய்டு வைத்தியம் பார்த்து, அவர் இறந்துபோன வழக்கில், எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் சொன்னது உண்மை. ஆனால் பெரும்பாலான வழக்குகளில் அது இல்லாமல் நிற்பது கஷ்டம்.

"பேசித் தீர்த்துக்கலாம்" என்று ஆஸ்பத்திரி இழுத்தடிக்கும்போது நாள் ஓடுகிறது. நஷ்டஈடு கேட்டு நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட கெடு 2 ஆண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். கொஞ்சம் பணம் கொடுத்து, இனி புகார் இல்லை என்று கையெழுத்து கேட்டால் வக்கீலிடம் காட்டாமல் போடாதீர்கள்.

மதுரையில் பார்த்தால் மதுரையில்தான் கேஸ் போட வேண்டும் என்று பயந்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், மாநிலம் வேறாக இருந்தாலும் சரி. எல்லோருக்கும் இலவசமாக வைத்தியம் பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி இந்தச் சட்டத்தில் வராது. அதற்கு சிவில் கோர்ட்டோ உயர் நீதிமன்றமோ தான் வழி.

எடுத்தவுடன் போலீசுக்கு ஓடவும் வேண்டாம். கிரிமினல் வழக்குக்கு மிகக் கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும், வேறொரு டாக்டரின் கருத்தும் வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2005 தீர்ப்பு.

வக்கீலுக்குக் காசில்லை என்று நின்றுவிடாதீர்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணையம் இலவச வக்கீல் தரும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பே இல்லை. கூப்பிட வேண்டிய எண் 15100.