அறக்குளாவுக்குச் சூடை விலை

திருகோணமலையில் மீன் வாங்கி விற்கும் கடையொன்றில் மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் கணக்கு எழுதுகிறேன். ஒருநாள் அறக்குளாவின் விலைக் கட்டத்தில் சூடையின் விலை வந்து நின்றது. குற்றவாளி என் சுண்டுவிரல்தான். கன்ட்ரோலும் ஒற்றை மேற்கோள் விசையும் சேர்ந்தால், முந்தைய பதிவின் அதே கட்டத்து மதிப்பு இங்கே வந்து விழும். அந்த விசை என்டருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பாருங்கள்!

இந்த விசைச் சேர்க்கையைப் பூட்ட, பதிவுகளை நிரப்பும் ஃபார்மை டிசைன் வியூவில் திறந்து, ப்ராப்பர்ட்டி ஷீட்டின் ஈவென்ட் பகுதியில் கீ ப்ரிவ்யூவை யெஸ் ஆக்குங்கள். இதை மறந்தால் மற்றதெல்லாம் வீண். நான் மறந்து அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகு ஆன் கீ டவுனில் ஒரே நிபந்தனை: கீகோட் (விசையின் எண்) 222, ஷிஃப்ட் 2 (அதாவது கன்ட்ரோல் அழுத்தப்பட்டுள்ளது) என்றால் கீகோட்டை 0 ஆக்கு; விசை அழுத்தியது செல்லாமல் போகும். 222 என்பது அமெரிக்க விசைப்பலகைக்கான எண். பதிவையே அழிக்கும் கன்ட்ரோல்–மைனஸையும் இப்படிப் பூட்டலாம்: அதற்கு 189, நம்பர் பேடில் 109.

டேபிளை நேரே திறந்தால் இந்தப் பூட்டு வேலை செய்யாது. பிழை பட்டுவிட்டதா? அடுத்த பதிவுக்குப் போகாமல் எஸ்கேப்பை அழுத்துங்கள், பழைய விலை திரும்பிவிடும்.