அடைச்ச மூக்குல ஸ்பிரே அடிச்சா மருந்து எங்க போகுது?

ஐப்பசி கார்த்திகை வந்துட்டா எங்க மஞ்சக்குப்பம் வீட்ல யாராவது ஒருத்தருக்கு மூக்கடைப்பு நிச்சயம். போன மழைக்கு எங்க அம்மா ரெண்டு வாரமா அலர்ஜி ஸ்பிரே அடிச்சும் கேக்கலன்னு பாட்டில தூக்கிப் போடப் போயிட்டாங்க, அவங்க அடிக்கறத பக்கத்துல நின்னு பாத்தப்பதான் விஷயம் புரிஞ்சுது, அடைச்ச மூக்குல அப்படியே அடிச்சிட்டு அண்ணாந்து சர்ருனு உறிஞ்சறாங்க, மருந்து பூரா தொண்டை வழியா வயித்துக்குப் போயிடுது.

பெரியவங்களுக்கு மூக்குக்குள்ள இருக்கற சவ்வோட பரப்பு சுமார் 150 சதுர செ.மீ., அதுக்கு அடியில ரத்தக்குழாய் நெறய, மருந்து சீக்கிரம் ஏறறது அதனாலதான். சளி பிடிச்சா அந்த சவ்வே வீங்கி வழிய மறைச்சுக்கும், மேல சளி போத்திக்கும், மருந்து முன்னாடியே நின்னு வழிஞ்சிடும். மூக்கு ஒழுகுனா மருந்தும் சேந்து ஒழுகும்.

அதனால மொதல்ல மூக்க சுத்தம் பண்ணுங்க. ஒவ்வொரு பக்கமா மெதுவா சிந்துங்க, மெடிக்கல்ல கிடைக்கற சலைன் ஸ்பிரே அடிச்சு பத்து நிமிஷம் விடுங்க. வீட்ல உப்புத்தண்ணி கலக்கறதா இருந்தா கேன் தண்ணியா இருந்தாலும் கொதிக்க வச்சு ஆற வச்சதுதான், பச்சத்தண்ணி மூக்குக்குள்ள வேண்டவே வேண்டாம்.

அடுத்தது பாட்டில். குலுக்குங்க, புதுசா இருந்தா சாரல் மாதிரி வர்ற வரைக்கும் காத்துல அடிச்சுப் பாருங்க.

இப்பதான் முக்கியமான இடம். அண்ணாக்காதீங்க, தலைய லேசா முன்னாடி குனிங்க. வலது கையால இடது மூக்கு, இடது கையால வலது மூக்கு, முனை ரெண்டு மூக்குக்கும் நடுவுல இருக்கற நடுத்தண்டப் பாக்காம அந்தப் பக்கத்து காதப் பாத்து இருக்கணும், ஏன்னா நடுத்தண்டுலயே அடிச்சிட்டு இருந்தா அங்க காஞ்சு ரத்தம் வரும். அமுக்கும்போது பூ மோந்து பாக்கற மாதிரி லேசா மூச்சு இழுத்தா போதும். அப்பறம் ஒரு கால் மணி நேரம் மூக்கு சிந்தாதீங்க.

ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் மாதிரி ஸ்டீராய்டு ஸ்பிரே முழுசா வேலை செய்ய ஒன்னு ரெண்டு வாரம் கூட ஆகும், தினமும் அடிக்கணும். சைலோமெட்டசோலின்ங்கற மூக்கடைப்பு ஸ்பிரே உடனே திறந்து விடும், ஆனா அத அஞ்சு நாளுக்கு மேல இழுத்தா விட்டதும் முன்னவிட மோசமா அடைச்சுக்கும், அதுல தயவுசெஞ்சு கவனமா இருங்க.

இன்னொரு வகை மருந்து மூக்கு வழியா ரத்தத்துல ஏறணும்னே கொடுக்கறது. அடிக்கடி ஒன்னுக்குப் போற ஒரு வகை ஹார்மோன் நோய்க்குத் தர்ற டெஸ்மோபிரசின் அப்படித்தான், சவ்வு வீங்கியிருந்தா எவ்வளவு ஏறும்னு நம்ப முடியாது, அந்த சமயத்துல டாக்டர் மாத்திரையோ ஊசியோ மாத்திக் கொடுப்பாங்க. நீங்களா அளவக் கூட்டாதீங்க. பிள்ளைக்கு வலிப்பு வந்தா அடிக்க மிடாசோலாம் ஸ்பிரே வச்சிருக்கீங்கன்னா, சளி பிடிச்சிருக்கும்போது வலிப்பு வந்தா என்ன பண்றதுன்னு பிள்ளை நல்லா இருக்கும்போதே டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வச்சுக்கோங்க.