குடல் கசிவு என்ற சந்தேகம் எழுந்தால் எங்கிருந்து தொடங்குவது?

சிறுகுடலின் உட்புறத்தை ஒரே ஓர் அடுக்குச் செல்கள்தான் மூடியிருக்கின்றன. அவற்றுக்கு இடையே உள்ள நெருக்கமான இணைப்புகள் தளர்ந்து, கிருமிகளின் நச்சுப்பொருள்களும் முழுதாகச் செரிக்காத உணவுத் துகள்களும் உள்ளே நுழைவதையே குடல் கசிவு என்கிறோம். கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் புண்படும் சீலியாக் நோயிலும், குடலில் நாட்பட்ட அழற்சி உண்டாகும் கிரோன் நோயிலும் இத்தளர்ச்சி தெளிவாகக் காணப்படுகிறது. ஆயினும், சோர்வு முதல் தோல் அரிப்பு வரை அனைத்துக்கும் காரணமான தனியொரு நோயாக இதை மருத்துவ உலகம் ஏற்கவில்லை. எனவே, கசிவை அடைக்கும் மருந்தைத் தேடுவதைவிட, குடலைப் புண்படுத்துவது எது என்று தேடுவதே பயன் தரும்.

வயிற்று உப்புசமும் வயிற்றுப்போக்கும் தொடர்ந்தால், கோதுமை உணவை உடனே நிறுத்திவிடாதீர்கள். பலரும் முதலில் செய்வது இதைத்தான். நோயைக் கண்டறியும் வாய்ப்பைக் கெடுப்பதும் இதுவே. சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனை, அந்நோய் உள்ளவர் குளூட்டன் உண்ணும்போது அவர் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்களை அளக்கிறது. குளூட்டனை விட்டுச் சில மாதங்கள் கழித்துச் சோதித்தால் அவை குறைந்துபோய், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். ஆகவே பரிசோதனை முதலில், உணவு மாற்றம் பிறகு.

மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் இரண்டு வாரங்களுக்கு உணவு, மலத்தின் தன்மை, வலி வரும் நேரம், மது, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். மருந்துகளை விட்டுவிடாமல் எழுதுங்கள். ஏனெனில் ஐபுப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி நிவாரணிகள் குடலின் உட்படலத்தைப் புண்படுத்தக்கூடியவை. இதய நோய்க்காகத் தரப்பட்ட ஆஸ்பிரினை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

உணவில் நார்ச்சத்தைக் கூட்டுவது பெரும்பாலோருக்கு நல்லது. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகள் நார்ச்சத்தை நொதிக்கச் செய்து உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலமே அங்குள்ள செல்களுக்கு முதன்மையான எரிபொருள். பருப்பு, காய்கறி, முழுத்தானியம் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் உப்புசம் மிகும். குடலைச் சரிசெய்வதாக விற்கப்படும் குளூட்டமின் (ஓர் அமினோ அமிலம்), புரோபயாடிக் (நன்மை தரும் நுண்ணுயிரிகள்) பொடிகளுக்குப் பணம் செலவிடுவதை, காரணம் தெரியும்வரை தள்ளிப்போடுவது நல்லது.

மலத்தில் இரத்தம், காரணமற்ற எடைக்குறைவு, உறக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்துக் குறைவால் வந்த இரத்தசோகை ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும், குறிப்பேடு முடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.