உலக முடிவு: மூடுபனிக்கு முன் போய்ச் சேரும் வழி

இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியில், தெற்கு விளிம்பில் நிலம் திடீரென அறுந்து ஏறத்தாழ 870 மீற்றர் கீழே இறங்குகிறது. அந்த இடம்தான் உலக முடிவு. நடை பெரிய கடினமில்லை. சுற்றுப்பாதை முழுவதும் 9 கிலோமீற்றர் அளவில் வரும். மூன்று, மூன்றரை மணி நேரம் போதும். பலர் ஒன்றும் பாராமல் திரும்பக் காரணம் பிந்திப் போவதுதான். வெயில் ஏற ஏற, பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சூடாகி மலைச்சுவரோடு மேலெழும். விளிம்பை எட்டுவதற்குள் குளிர்ந்து மூடுபனியாகிவிடும். பத்து மணிக்குப் போனால் பெரும்பாலும் கண்முன்னே வெள்ளைத் திரைதான்.

ஆகவே நுவரெலியாவிலிருந்து காலை நாலே முக்காலுக்கே வாகனம் புறப்பட வேண்டும். 32 கிலோமீற்றர்தான் என்றாலும் வளைவுப் பாதை, ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். சமவெளியின் பட்டிப்பொல பக்க வாயிலில் ஆறு மணிக்கே நிற்கப் பாருங்கள். ரயிலில் ஓகிய நிலையத்துக்கு வந்து ஏற நினைப்பவர்கள் முதல் நாளே வந்து தங்குவது நல்லது. பகல் ரயில் கொண்டுவந்து சேர்க்கும்போது காட்சி மூடியிருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் ஓரளவு நம்பலாம். ஆனால் அந்த மாதங்களில் விடியற்காலைப் புல்லில் உறைபனியே படியும், கம்பளிச் சட்டை கட்டாயம். சமவெளி 2,100 மீற்றர் உயரத்தில் இருப்பதால் எட்டு மணிக்குப் பிறகு வெயில் தோலைச் சுடும், தொப்பியும் வேண்டும். ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர் போதும்.

நடை தொடங்கும் இடத்தில் பைகளைச் சோதிப்பார்கள். பொலித்தீன் உள்ளே போகாது. பணிஸ், பிஸ்கட் எல்லாவற்றையும் முதல் நாள் இரவே கடதாசியிலோ டப்பாவிலோ மாற்றிவிட்டால் வரிசையில் நின்று பொதி பிரிக்க வேண்டியதில்லை. அங்கே சுற்றும் மரைகளுக்கு (பெரிய மான் வகை) தயவுசெய்து ஒன்றும் கொடுக்காதீர்கள். உணவு வாசனைக்குப் பழகிய மரை பொலித்தீனையும் சேர்த்தே விழுங்கும்.

பாதை பிரியும் இடத்தில் இடப்பக்கம் திரும்புங்கள். வலப்பக்கம் போனால் முதலில் பேக்கர் நீர்வீழ்ச்சி வரும். அது எந்த நேரமும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், மூடுபனி காத்திருக்காது. இடப்பாதையில் முதலில் சின்ன உலக முடிவு என்ற இன்னொரு விளிம்பு, பிறகு அரை மணி நேரம் போலக் காட்டுக்குள் நடை. மழைநீர் அறுத்த பள்ளங்களில் வெள்ளைப் பரல்கற்கள் உருளும், வேர்கள் ஈரத்தில் வழுக்கும். தேய்ந்த அடியுள்ள சப்பாத்து இங்கேதான் காலை வாரும். இறக்கத்தில் பாதத்தைக் கொஞ்சம் பக்கவாட்டாக வைத்து, சிறு அடிகளாக இறங்குங்கள்.

உலக முடிவின் விளிம்பில் இரண்டு எட்டுத் தள்ளியே நில்லுங்கள். பனி ஈரத்தில் பாறை எண்ணெய் பூசியதுபோல் இருக்கும். படம் எடுக்கப் பின்னால் அடி வைக்கவே கூடாது. மூடியிருந்தாலும் உடனே திரும்ப வேண்டாம். கால் மணி நேரம் பொறுத்தால் காற்று ஒரு தடவை திரையை விலக்கும். கீழே தேயிலைத் தோட்டங்கள் கைக்குட்டை அளவில் தெரியும்.

திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் துண்டு செங்குத்து, எப்போதும் ஈரம். அங்கே குளிக்க இறங்க வேண்டாம். அதன் பிறகு வருவது நிழலே இல்லாத புல்வெளி, மிச்சத் தண்ணீரை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.